பலகணியில் ஒரு சாண் மண்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களும் பூப்பெட்டியின் வரலாறும்

வீட்டுச் சுவரில் காற்றுக்கும் ஒளிக்கும் விடும் வாயிலை இன்று நாம் சன்னல் என்கிறோம். இது தமிழ்ச் சொல் அன்று. ‘சனேலா’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. தமிழில் இதற்குச் சொல் இல்லாமற் போகவில்லை. கால் என்பது காற்று, அதர் என்பது வழி. எனவே காற்று வரும் வழி காலதர் எனப்பட்டது. பல கண்களை உடையது பலகணி எனப்பட்டது. சாளரம் என்ற பெயரும் உண்டு. புகார் நகரத்து மாளிகைகளைக் கூறும் சிலப்பதிகாரம், அவற்றின் காலதர்களுக்கு மானின் கண்ணை உவமையாக்குகிறது. ஆகவே சன்னல் நமக்குப் போர்த்துக்கேயர் கற்பித்த பொருளன்று. அவர் தந்தது பெயர் மட்டுமே.

ஆயினும் இங்கே எண்ணத்தக்க செய்தி ஒன்றுண்டு. சன்னலுக்கு இத்தனை பெயர் கண்ட தமிழில், சன்னலின் அடியில் பொருத்திப் பூச்செடி வளர்க்கும் மரப்பெட்டிக்கென நிலைபெற்ற பெயர் இல்லை. பூவை அறியாத மக்களா நாம்? நிலத்துக்கே பூவின் பெயரைச் சூட்டியவர்கள். போருக்குப் புறப்படும்போதும் இன்ன பூவைச் சூட வேண்டும் என வகுத்தவர்கள். அத்தகையோர் பலகணியில் பூ வளர்க்காதது ஏன்?

விடை வீட்டின் அமைப்பில் இருக்கிறது. நம் பழைய வீடு உள்நோக்கிய வீடு. வெளிச்சம் முற்றத்தின் வழியாக வந்தது. தெருவைக் காண்பதற்குத் திண்ணை இருந்தது. பலகணியின் வேலை காற்றை விடுவது. பலரை நோக்கி வீட்டை அழகு காட்டுவது அதன் வேலையன்று. இரண்டாவது காரணம் பூவைப் பற்றியது. தமிழன் பூவைப் பறிப்பதற்காக வளர்த்தான். அது கூந்தலுக்கும் சாமிக்கும் உரியது. செடியிலேயே நின்று வாடும் பூ அவனுக்குப் பயன்படாத பூ. சன்னற்பெட்டியின் பூவோ பார்ப்பதற்காகவே வளர்க்கப்படுவது. பறிக்கும் பூ, பார்க்கும் பூ என்னும் இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால், கேமரன் மலையின் துரை வீட்டுக்கும் தொழிலாளர் லயத்துக்கும் இடையே இருந்த தொலைவு ஒருவாறு விளங்கும்.

நிலமில்லாதவன் தோட்டம்

சன்னற்பெட்டி செல்வரின் அலங்காரமாகத் தோன்றியதென்று பலர் எண்ணுவர். வரலாறு வேறுவிதமாகக் கூறுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் மூத்த பிளினி தம் இயற்கை வரலாற்று நூலின் 19ஆம் பகுதியில் தோட்டங்களைப் பற்றிப் பேசுகிறார். முற்காலத்தில் நகரத்து எளிய மக்கள் தம் சன்னல்களில் சிறு தோட்டம் வைத்து நாட்டுப்புறத்தை நாள்தோறும் கண்ணாற் கண்டு வந்தனர் என்றும், திருடர் தொல்லை மிகுந்தபின் சன்னல்களைக் கம்பியிட்டு அடைக்க நேர்ந்தது என்றும் அவர் வருந்துகிறார். அதே நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த மார்சியல் என்னும் புலவர், தமக்கு ஒருவர் அளித்த நிலம் தம் சன்னல் தோட்டத்தைவிடச் சிறியது என்று எள்ளி நகையாடினார். அவர் கூற்று நகைச்சுவையாயினும் ஒரு சான்றாகும். சன்னற்பெட்டி என்றால் எல்லார்க்கும் தெரியும், அது மிகச் சிறியது என்பதும் தெரியும் என்றாலன்றோ அந்த நகை செல்லும்?

ரோமாபுரியின் எளியோர் பல மாடிக் குடியிருப்புகளில் வாடகைக்கு இருந்தவர்கள். அவர்களுக்கு முற்றமும் இல்லை, கொல்லையும் இல்லை. மண்ணைச் சொந்தமாக்க இயலாதவன் ஒரு பெட்டி மண்ணைச் சன்னலில் தூக்கி வைத்துக்கொண்டான். இதுவே அப்பெட்டியின் பிறப்பு.

ஏறத்தாழ 1,800 ஆண்டுகள் கழித்து லண்டனில் இதே காட்சியைக் காண்கிறோம். தொழிற்புரட்சியால் நகருக்குள் நெருங்கிய மக்கள் ஒற்றை அறைகளில் வாழ்ந்தனர். புளூம்சுபரி வட்டாரத்தில் பணியாற்றிய பார்க்சு என்ற சமயகுரு 1860இல் அப்பகுதி ஏழைகளுக்கென ஒரு பூச்செடிக் கண்காட்சி நடத்தினார். சன்னலில் வளர்த்த செடிகளைக் கொண்டுவந்து காட்டுவோர்க்குப் பரிசளிக்கப்பட்டது. 1864இல் அம்முயற்சியைப் பற்றி அவர் நூலும் வெளியிட்டார். மக்களுக்கான சன்னல் தோட்டங்களோடு துப்புரவான அறைகளையும் அந்நூலின் தலைப்பே சேர்த்துப் பேசுகிறது. நோக்கம் நல்லதே. ஆனால் ஒன்றைக் கேட்கவேண்டும். அறை சிறிதென்பது குறையா, அறையிற் பூ இல்லை என்பது குறையா? பின்னதைத் தீர்ப்பது எளிது. முன்னதைத் தீர்க்கப் பணமும் சட்டமும் வேண்டும். எளியோரின் வீட்டைப் பற்றி மேலோர் பேசும்போதெல்லாம் இவ்விரண்டும் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. மலாயாவிலும் அக்குழப்பத்தைக் காண்போம்.

பேழையில் வந்த பயிர்கள்

மண் நிரப்பிய மரப்பெட்டிக்கும் தமிழர் வாழ்வுக்கும் வேறொரு வகையிலும் உறவு உண்டு.

லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு 1829இல் ஒரு கண்ணாடிச் சாடியில் கூட்டுப்புழு ஒன்றை மண்ணோடு இட்டு மூடி வைத்தார். புழுவைப் பார்க்க இருந்தவர், மூடிய சாடிக்குள் பெரணியும் புல்லும் தாமாக முளைத்திருப்பதைக் கண்டார். செடி வெளிவிடும் ஈரம் கண்ணாடியிற் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்கியதால் தண்ணீர் ஊற்ற வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. இதைக் கொண்டு அவர் மரத்தாலும் கண்ணாடியாலும் பேழைகள் செய்வித்தார். 1833இல் அவை சிட்னிக்குக் கப்பலேறின. உள்ளிருந்த செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதற்கு முன் கடற்பயணத்தில் உப்புக்காற்றும் நன்னீர்ப் பஞ்சமும் பெரும்பாலான செடிகளைக் கொன்றுவந்தன.

இப்பேழை உலகப் பயிர்களை இடம் மாற்றியது. 1848க்குப் பின் ராபர்ட் பார்ச்சூன் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இவ்வகைப் பேழைகளில் ஏற்றி இந்தியாவின் இமயமலைச் சாரலுக்கு அனுப்பினார். 1876இல் லண்டனை அடுத்த கியூ தோட்டத்திலிருந்து 38 பேழைகளில் 1,919 இரப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு வந்தன. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. மலாயாவின் இரப்பர்த் தொழிலுக்கு அதுவே விதை. அத்தொழிலுக்கு ஆள் வேண்டித்தான் தமிழகத்து ஊர்களிலிருந்து கங்காணிகள் மக்களைத் திரட்டினர். செடி பெட்டியில் வந்தது. செடியைத் தொடர்ந்து மக்கள் கப்பலின் அடித்தளத்தில் வந்தனர். செடியை உயிரோடு கொண்டுசேர்க்க ஓர் அறிவியலே உருவாயிற்று என்பதையும், ஆட்களின் பயணத்துக்கு அத்தகைய கவலை நெடுங்காலம் இல்லை என்பதையும் வரலாறு படிப்போர் ஒருங்கே எண்ணுதல் வேண்டும்.

மலைமேல் ஓர் இங்கிலாந்து

கேமரன் மலைக்கு அப்பெயர் வந்தது, 1885இல் அப்பகுதியை அளக்கச் சென்ற வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளரால். அவர் கண்டு சொன்ன மேட்டுநிலம் நாற்பது ஆண்டுகள் காடாகவே கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்சுவெல் நேரிற் சென்று பார்த்தபின் அதை மலைவாழிடமாக்கும் முயற்சி தொடங்கிற்று. தானா ராத்தாவில் அரசாங்கச் சோதனைப் பண்ணை அமைந்தது. மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்ததாயினும், பாதை பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்தே ஏறிற்று.

1929இல் ஜே. ஏ. ரசல் என்பவர் அரசாங்கத்திடம் நிலம் பெற்றுப் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ. பி. மில்ன் அவருக்குத் துணை நின்றார். 1867இல் ஜேம்சு டெய்லர் லூல்கந்துராவில் தொடங்கிய இலங்கைத் தேயிலையின் அனுபவம் இவ்வாறு பகாங் மலைக்கு வந்து சேர்ந்தது. 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. அதை நிறுவியவர் வடஇந்தியர். இத்தோட்டங்களில் காடு வெட்டி, சரிவிற் கன்று நட்டு, கொழுந்து கிள்ளிய கைகளிற் பெரும்பாலானவை தமிழர் கைகள்.

ஆங்கிலேயருக்கு இம்மலை வெறும் வேளாண்மை நிலமாக இருக்கவில்லை. சமவெளியின் வெப்பத்தில் வெந்தவர்கள் ஊர் நினைவைத் தணிக்க நாடிய இடமாகவும் இருந்தது. தானா ராத்தா கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 4,700 அடி உயரத்தில் உள்ளது. அங்கே பகலிலும் வெயில் சுடுவதில்லை. இரவில் கம்பளி வேண்டும். உதகமண்டலத்திலும் நுவரெலியாவிலும் செய்ததையே அவர்கள் இங்கும் செய்தார்கள். இங்கிலாந்து நாட்டுப்புற வீட்டைப் போன்ற வீடுகளைக் கட்டினார்கள். 1937இல் திறக்கப்பட்ட சுமோக்ஹவுசு விடுதி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள் தெரிய, உள்ளே கணப்பு அடுப்போடு, டியூடர் மன்னர் காலத்து வீட்டின் சாயலில் அது எழுந்தது. அத்தகைய வீட்டுக்கு ரோசாவும் ஐதராஞ்சியாவும் நிறைந்த தோட்டமும், சன்னலடியில் பூப்பெட்டியும் உரிய அணிகள்.

இங்கேதான் பெட்டியின் வரலாறு தலைகீழாகத் திரும்புகிறது. ரோமிலும் லண்டனிலும் நிலமில்லாதவனின் துணையாகப் பிறந்த பொருள், பகாங் மலையில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு அதிபதியானவனின் சன்னலுக்கு அணியாயிற்று. ஆனால் நுணுகிப் பார்த்தால் அவனும் ஒருவகையில் வந்தேறியே. பணி முடிந்தால் கப்பலேற வேண்டியவன். அந்தப் பெட்டியில் அவன் வளர்த்தது தன் ஊர். அதைப் பழிக்க வேண்டியதில்லை. பழிக்க வேண்டியது ஒன்று உண்டாயின், அந்த ஏக்கம் தனக்கு மட்டுமே உரியதென்று அவன் எண்ணியதே ஆகும். அப்பெட்டிக்கு நாள்தோறும் நீர் வார்த்த தமிழ்த் தோட்டக்காரனுக்கும் ஓர் ஊர் இருந்தது. அங்கே ஒரு கிணற்றடியும், அதன் அருகே ஒரு பூச்செடியும் இருந்திருக்கும்.

லயத்தின் சுவர்

மலாயாத் தோட்டங்களின் பழைய லயங்கள் நீண்ட கொட்டகைகள். பலவற்றில் அறைகள் ஒன்றன் முதுகோடு ஒன்று ஒட்டியிருந்தன. பின்சுவர் இரு குடும்பங்களுக்கும் பொது. ஆகவே அதில் சன்னல் வைக்க வழியில்லை. முன்புறக் கதவே காற்றுக்கும் ஒளிக்கும் வழி. சன்னலே இல்லாத வீட்டில் சன்னற்பெட்டி எங்கிருந்து வரும்? கேமரன் மலை திறக்கப்பட்ட காலத்தில் இவ்வகை லயங்களின் குறை உணரப்பட்டு, தனி வீடுகளும் இரட்டை வீடுகளும் வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்று வந்தது. குடும்பத்தோடு வாழும் இந்தியத் தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிரிடவும் மாடு மேய்க்கவும் ஒதுக்கவேண்டும் என்று மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு கூறிற்று. பதினாறில் ஒரு பங்கு ஏக்கர் என்பது ஏறத்தாழ 2,700 சதுர அடி. ஏட்டில் அது நல்ல அளவே. ஆயின் அந்நிலம் வேலையோடு வந்தது, வேலையோடு போவது. வீடும் அவ்வாறே. தோட்டத்திலிருந்து பெயர் வெட்டப்பட்டால், நட்ட முருங்கையையும் படரவிட்ட அவரையையும் விட்டுவிட்டுப் போகவேண்டியதுதான்.

எனவே லயத்து மக்கள் தூக்கிச் செல்லக்கூடிய தோட்டத்தையே நாடினார்கள். மண்ணெண்ணெய்த் தகரம், பால் டின், உடைந்த பானை ஆகியவை அவர்களுடைய பூந்தொட்டிகள். வாசற்படியருகே துளசி, கற்பூரவல்லி, செவ்வந்தி, ஒரு ரோசாக் கொம்பு. மல்லிகைக்கு வெப்பம் வேண்டும். மலைக்குளிரில் அது செழிப்பதில்லை. குளிரை விரும்பும் செவ்வந்தியோ செழித்தது. சரம் தொடுக்க ஒரு பூவாவது வேண்டுமே என்ற தேவைக்கு மலை தந்த விடை அது. துரை வீட்டுப் பெட்டியில் பார்க்கும் பூ, லயத்துத் தகரத்தில் பறிக்கும் பூ. ஒரே மலை, ஒரே மழை. இரண்டு வாழ்க்கை முறைகள்.

1941 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் மலாயா முழுவதும் பூவுக்கு இடமில்லாமற் போயிற்று. கிடைத்த மண்ணிலெல்லாம் மரவள்ளி நட்டார்கள். தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்டனர். 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் பல தோட்டங்களின் தொழிலாளர் முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டனர். விடுதலைக்குப் பின், 1960இல், வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கைமாறும் இரப்பர்த் தோட்டங்களைத் தொழிலாளர் தம் பங்குப் பணத்தாலேயே வாங்குவது அதன் நோக்கம். தகரத்தில் மண் வைத்திருந்தவர்கள் தரையில் மண் வேண்டும் என்று கேட்ட நாள் அது. 1966இல் தொழிலாளர் வீட்டு வசதிக்குக் குறைந்த அளவு இன்னதென வரையறுக்கும் சட்டம் வந்தது. 1990இல் அதனிடத்தில் விரிவான புதிய சட்டம் இயற்றப்பட்டது. காற்றும் ஒளியும் வீட்டுக்காரரின் கருணையாக இராமல் உரிமையாக மாறியது இவ்வாறுதான்.

பலகை தேர்தல்

இனி, இன்று ஒரு பூப்பெட்டி செய்ய விரும்புவோர் அறியவேண்டியவற்றையும் கூறுவோம். இதிலும் வரலாறு கலந்தே இருக்கிறது.

தேயிலைத் தோட்டத்தில் கைக்கு எட்டும் மரப்பெட்டி தேயிலைப் பெட்டியே. 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் அது ஒட்டுப்பலகையால் செய்யப்பட்டது. தேயிலையை ஈரத்திலிருந்து காக்க உட்புறம் ஈயத் தகடும், பிற்காலத்தில் அலுமினியத் தகடும் ஒட்டினார்கள். பழைய தேயிலைப் பெட்டி ஒன்று கிடைத்தால் அதைச் செடிக்குப் பயன்படுத்தலாமென எண்ணத் தோன்றும். ஆகாது. ஈயம் நஞ்சு, கீரையோ துளசியோ அதில் வளர்த்து உண்ணுதல் கூடாது. மேலும் பழைய ஒட்டுப்பலகையின் பசை மழையைத் தாங்காது. தாள் தாளாக உரிந்துவிடும்.

ஆகவே முழுப் பலகையே வேண்டும். மலைநாட்டு மரங்களிற் செங்கால் முதன்மையானது. கோலாலம்பூரை அடுத்த கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தார் மரத்துண்டுகளை மண்ணில் நட்டு, எத்தனை ஆண்டில் உளுக்கிறது எனக் கணக்கெடுத்து மரங்களை வகைப்படுத்தினர். பத்தாண்டுக்கு மேல் நிற்பவை மிக உறுதியானவை, செங்கால் அவ்வகை. மெராந்தி மலிவானது, இழைக்க எளிது. ஆனால் ஈரமண் படும் இடத்துக்கு ஏற்றதன்று. மெர்பாவ் உறுதியானது, எனினும் நனைந்தால் செம்பழுப்புச் சாறு கசிந்து வெள்ளைச் சுவரில் வடுவாக இறங்கும். தேக்கு எங்கும் நல்லது; விலைதான் இடர். விலை குறைந்த பலகையையே வாங்க நேர்ந்தால் செடிக்குத் தீங்கு செய்யாத மருந்து பூசலாம். கீல் எண்ணெய் பூசுதல் கூடாது. அதன் ஆவி இளவேரையும் இலையையும் கருக்கும். செப்பு நாப்தினேட்டு என்னும் கலவை பூசிப் பலநாள் உலரவிட்டால் தீங்கில்லை.

பலகை முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல் இருத்தல் நலம். ஆழம் எட்டு அங்குலமேனும் வேண்டும். அதனிற் குறைந்தால் மண் விரைவில் காயும். மூன்றடி நீளமும் எட்டு அங்குல அகலமும் எட்டு அங்குல ஆழமும் உள்ள பெட்டியில் ஒன்றே கால் கன அடிக்குச் சற்று மேலாக, ஏறத்தாழ 38 லிட்டர் மண் பிடிக்கும். மழையில் ஊறிய தோட்ட மண் நிறைந்தால் அது ஓர் ஆளின் எடையாகிய 60 கிலோவை எட்டும். இதைக் கருதாமல் இரண்டு ஆணியில் தொங்கவிட்டால், கீழே நடப்பவர் தலைக்கு ஆபத்து. சுவருக்குள் நன்கு இறங்கிய இரும்புத் தாங்கிகள் இரண்டோ மூன்றோ வேண்டும். சுவருக்கும் பெட்டிக்கும் இடையே ஓர் அங்குலம் விட வேண்டும். இல்லையேல் சுவர் ஓதங்காத்துப் பலகையும் உளுக்கும். ஆணிக்குப் பதில் பித்தளைத் திருகாணியோ துத்தநாகம் பூசிய திருகாணியோ பயன்படுத்தினால் துருப் பிடிக்காது.

மண்ணும் செடியும்

கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அங்கே செடியைக் கொல்வது பெரும்பாலும் வறட்சியன்று, நீர்த்தேக்கமே. பெட்டியின் அடியில் ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக அரை அங்குலத் துளைகள் இடவேண்டும். துளைமேல் ஓட்டுச்சில் கவிழ்த்து, மேலே தோட்ட மண் இரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு கலந்து, விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே நிற்குமாறு நிரப்பலாம். பெட்டியின் கீழ்த் தட்டு வைத்து நீரைத் தேக்குதல் தவறு. தேங்கிய நீரில் டெங்கிக் கொசு பெருகும். கொசு வளர இடங்கொடுப்பது மலேசியாவில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

திசையையும் எண்ண வேண்டும். இம்மலை நிலநடுக்கோட்டுக்கு நாலரைப் பாகை வடக்கே உள்ளது. ஏப்பிரல் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகற் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்திருக்கும். ஆதலால் வடக்குச் சன்னலும் தெற்குச் சன்னலும் முறைவைத்தே வெயில் பெறும். மலையில் பிற்பகலில் மேகம் கவிவது வழக்கம். எனவே ஆண்டு முழுதும் காலை வெயில் பெறும் கிழக்குச் சன்னலே பூப்பெட்டிக்கு உரிய இடம்.

செடியில், பூக்காரர் ஜெரேனியம் என விற்பது முதலில் நினைவுக்கு வரும். உண்மையில் அது பெலார்கோனியம். 1789இல் லெரித்தியே என்ற பிரெஞ்சு அறிஞர் அதைத் தனி இனமாகப் பிரித்தார். தென்னாப்பிரிக்காவின் செடி அது. வெயிலில் நன்கு பூக்கும். ஓயாத மழையில் சாம்பற் பூசணம் பிடிக்கும் ஆதலால், கூரை இறப்பின் கீழ் வைப்பது நலம். நிழற்பக்கத்துக்குப் பிகோனியாவும் பியூசியாவும் ஏற்றவை. இரண்டும் ஈரமான காட்டு நிழலுக்குப் பழகியவை. பெட்டூனியாவின் இதழ் மெல்லியது. மழைத்துளி பட்டால் கசங்கும்.

இப்பட்டியலில் நம் செடி ஒன்றும் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. காசித்தும்பை இந்திய நாட்டுச் செடி. அது பல நூற்றாண்டுக்கு முன்பே ஐரோப்பியத் தோட்டங்களுக்குச் சென்றுவிட்டது. அதற்கு ஈடாக, நம் கோயில் மாலைகளிற் கொத்துக் கொத்தாகத் தொங்கும் செண்டுமல்லி மெக்சிகோ நாட்டிலிருந்து வந்தது. எது நம் பூ, எது அவர் பூ என்று கோடு கிழிக்கப் புகுந்தால் பூக்கள் நம்மைப் பார்த்து நகைக்கும். பூவின் ஊர் அதை வளர்ப்பவன் வாசல்தான்.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

இன்று கேமரன் மலையின் பூ, சன்னலையும் தகரத்தையும் தாண்டிப் பெருவாணிகமாகிவிட்டது. செவ்வந்தி, இரவு நீண்டால்தான் மொட்டுவிடும் இயல்பினது. நிலநடுக்கோட்டருகே இரவு எப்போதும் நீண்டே இருப்பதால், தண்டு உயருமுன் அது பூத்துவிடாதிருக்கப் பண்ணையாளர் நெகிழிக் கூரையின் கீழ் இரவிலும் விளக்கேற்றுகின்றனர். மலைச்சரிவுகள் இரவில் ஒளிர்வது இதனால்தான். தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்வோரிற் பலர் இப்போது வேற்று நாட்டார். தமிழ்க் குடும்பங்கள் பல நகரங்களுக்குச் சென்றுவிட்டன. சென்றவர்கள் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். அங்கே முற்றமும் இல்லை, கொல்லையும் இல்லை. சன்னலும் ஒரு முழ மாடமுமே உள்ளன. பிளினி கண்ட ரோமாபுரி ஏழையின் நிலைக்கு நாம் வந்து சேர்ந்திருக்கிறோம். பழைய பூப்பெட்டிக்கு இப்போது நம்மிடமே தேவை பிறந்திருக்கிறது.

துரைமார் வீடுகளின் தோட்டங்கள் நிழற்படங்களிலும் நாட்குறிப்புகளிலும் பதிந்துள்ளன. லயத்து வாசலில் வரிசையாக நின்ற தகரங்களைப் படமெடுத்து வைத்தவர் அரியர். தகரம் துருவேறி உதிர்ந்துவிட்டது. அதில் என்ன செடி இருந்தது, யார் கொடுத்த பதியன் அது, தோட்டம் மாறியபோது எதைத் தூக்கிக்கொண்டு போனார்கள், எதை விட்டுச்சென்றார்கள் என்பவை முதியோர் நினைவில் மட்டும் இருக்கின்றன. தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் உள்ள தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு இவற்றைக் கேட்டு எழுதி வைக்கலாம். ஒரு பாட்டியிடம் ஒரு செடியின் பெயர் என்று தொடங்கினாலும் போதும். அதுவே ஒரு குடும்பத்தின் பயணத்தைச் சொல்லிவிடும். எழுதிய பின் பள்ளியின் கிழக்குச் சன்னலில் செங்காற் பலகையால் ஒரு பெட்டி பொருத்தி, அந்தப் பட்டியலிலுள்ள செடிகளையே நடலாம்.

அப்பெட்டிக்கு என்ன பெயரிடுவது என்பதையும் மாணவரிடமே விட்டுவிடலாம். பலகணிப் பேழை என்பார் ஒருவர். பூம்பெட்டி என்பார் மற்றொருவர். நூற்றாண்டுக்கு மேலாக வாயிற்படியில் தகரத்திலேயே தோட்டம் வளர்த்த மக்கள், அதற்கு ஒரு சொல்லைத் தேடிக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள்.